கண்ணைப் பறிக்கும் விளக்குகள்

இரவில் நமது நெடுஞ்சாலைகளில் பிரயாணம் செய்தவர் எவரும் அறிந்த அனுபவம் ஒன்றுண்டு. எதிரே ஒரு வண்டி வருகிறது. அதன் முகப்பு விளக்குகள் போதாவென்று கீழே இரண்டு, கூரை மேல் நீண்ட பட்டை ஒன்று, பக்கங்களில் இன்னும் இரண்டு என அத்தனையும் ஒரே சமயத்தில் எரிகின்றன. வெள்ளை வெளிச்சம் முகத்தில் அறைகிறது. சாலையின் ஓரம் மறைகிறது, நடுக்கோடு மறைகிறது, முன்னே சென்ற சைக்கிளும் மறைகிறது. இரண்டு மூன்று விநாடிகளுக்கு வண்டியோட்டி கண்ணிருந்தும் குருடனாகிறான். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் தூரத்தைக் கடந்துவிடும். மூன்று விநாடிகளில் 66 மீட்டர். அவ்வளவு தூரத்தையும் அவன் கடவுள்மேல் பாரத்தைப் போட்டுவிட்டுத்தான் கடக்கிறான். அதற்குள் வயல் வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெண் இருக்கலாம். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்லும் பக்தர் கூட்டம் இருக்கலாம். பின்விளக்கில்லாத ஒரு மாட்டு வண்டி இருக்கலாம்.

2022-ஆம் வருஷத்தில் இந்தியாவின் சாலை விபத்துக்களில் 1,68,491 பேர் மாண்டதாக மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் 32,000-க்கு மேற்பட்டோர் கால்நடையாகச் சென்றவர்கள். இத்தனை மரணங்களுக்கும் விளக்கே காரணம் என்று நாம் வாதிக்கவில்லை. வேகம், குடி, குண்டும் குழியுமான பாதை எனக் காரணங்கள் பல உண்டு. ஆனால் பிற காரணங்களை நீக்கப் பெரும் பணமும் நீண்ட காலமும் வேண்டும். கண் கூச்சம் என்னும் இந்த ஒரு காரணத்தை நீக்க அறிவும் ஒழுங்கும் இருந்தால் போதும். அப்படியிருந்தும் அது நாளுக்கு நாள் பெருகி வருவதுதான் நாம் வருந்தத்தக்க விஷயம்.

வண்டி தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது அதிலுள்ள விளக்குகளைத் தவிர, பிறகு சொந்தக்காரர் தம் செலவில் மாட்டிக்கொள்பவற்றைத் துணை விளக்குகள் என்பார்கள். நாம் இவற்றுக்கு விரோதிகளல்லர். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஏறும் மலைப்பாதைகளில் மூடுபனி இறங்கிய இரவில் வண்டியோட்டுகிறவருக்கு நல்ல பனி விளக்கு உயிர்த்துணையாகும். தெருவிளக்கில்லாத கிராமச் சாலையில் நோயாளியை ஏற்றிக்கொண்டு செல்பவருக்கு நெடுந்தூரம் பாயும் ஒளி அவசியமே. நமது ஆட்சேபம் விளக்கின்மேல் அல்ல. இன்னதென்று அறியாமல் வாங்கி, எங்கே மாட்டுவதென்று தெரியாமல் மாட்டி, எப்போது அணைப்பதென்று எண்ணாமல் எரிக்கும் வழக்கத்தின்மேல்தான். இவ்வறியாமைக்கு வாங்குவோர் மட்டும் பொறுப்பாளிகளல்லர். விற்போர் பெட்டிகளின்மேல் அச்சிட்டிருக்கும் சொற்களே பாதிக் குற்றத்தைச் செய்கின்றன. ஆகவே அச்சொற்களை முதலில் ஆராய்வோம்.

உதிரிபாகக் கடையில் ஒரு பெட்டியை எடுத்துப் பார்த்தால் "இத்தனை ஆயிரம் லூமன்" என்று கொட்டை எழுத்தில் காணலாம். லூமன் என்பது ஒரு விளக்கு எல்லாத் திசைகளிலும் வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. காண்டெலா என்பது ஒரு குறிப்பிட்ட திசையில் அவ்வொளி எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பதன் அளவு. லக்ஸ் என்பது கடைசியில் சாலையின்மேல் வந்து விழும் ஒளியின் அளவு. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் விழுந்தால் அது ஒரு லக்ஸ். நமது விவசாயிக்கு இதை விளக்குவது எளிது. கிணற்றிலிருந்து இறைத்த மொத்தத் தண்ணீர் லூமன். வாய்க்காலில் அது ஓடும் வேகம் காண்டெலா. பயிரின் காலில் போய்ச் சேர்ந்த தண்ணீர் லக்ஸ். கிணற்றில் எவ்வளவு இறைத்தான் என்பதைக் கேட்டுவிட்டு, வரப்பு உடைந்து பாதித் தண்ணீர் அடுத்தவன் வீட்டுக்குள் புகுந்ததைக் கேளாத விவசாயி உண்டா? விளக்கு விஷயத்தில் நாம் அதைத்தான் செய்து வருகிறோம். மொத்த லூமனைக் கேட்டு மகிழ்கிறோம். அது சாலையில் விழுகிறதா, எதிரே வருபவன் கண்ணில் விழுகிறதா என்று கேட்பதில்லை.

அந்த லூமன் கணக்கிலும் ஒரு சூழ்ச்சி உண்டு. எல்.இ.டி. என்னும் ஒளிச்சில்லுகளின் உச்ச சக்தியைக் காகிதத்தில் கூட்டிப் பெருக்கி வரும் தொகை ஒன்று. அவை சூடேறிய பின், கண்ணாடியையும் பிரதிபலிப்பானையும் கடந்து உண்மையில் வெளிவரும் ஒளி வேறொன்று. பின்னது எப்போதும் குறைவாகவே இருக்கும். பல பெட்டிகளின்மேல் அச்சாவது முன்னதே.

தூரக் கணக்கும் அப்படிப்பட்டதே. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். 10,000 காண்டெலா செறிவுள்ள விளக்கு 100 மீட்டர் தூரத்தில் ஒரு லக்ஸ் ஒளி தரும். 200 மீட்டரில் கால் லக்ஸ்தான் தரும். கால் லக்ஸ் என்பது ஏறக்குறைய பௌர்ணமி நிலவின் வெளிச்சம். ஒரு வியாபாரி தன் விளக்கு 100 மீட்டர் எட்டும் என்கிறான். மற்றொருவன் தன்னுடையது 200 மீட்டர் எட்டும் என்கிறான். முதல்வன் ஒரு லக்ஸையும் இரண்டாமவன் கால் லக்ஸையும் எல்லையாக வைத்துக்கொண்டால், இருவர் விற்பதும் ஒரே விளக்காக இருக்கலாம்! எந்த லக்ஸ் அளவில் கணக்கிட்ட தூரம் என்று கேட்கத் தெரிந்தவனை ஏமாற்ற முடியாது.

வாட் என்பது ஒளியின் அளவே அன்று. விளக்கு விழுங்கும் மின்சாரத்தின் அளவு. பழைய ஹாலோஜன் பல்பு 55 வாட் மின்சாரத்தில் தந்த ஒளியை எல்.இ.டி. விளக்கு அதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் தந்துவிடும். ஆதலால் வாட்டைக் காட்டி வெளிச்சத்தை மதிப்பிடுவது, குதிரை தின்ற கொள்ளை எடைபோட்டு அதன் ஓட்டத்தை மதிப்பிடுவது போலாகும்.

கெல்வின் என்பது ஒளியின் நிறத்தைக் குறிக்கும். சுமார் 3,000 கெல்வின் மஞ்சள் கலந்த ஒளி. 6,000 கெல்வினும் அதற்கு மேலும் நீலம் பாய்ந்த வெள்ளை ஒளி. கெல்வின் எண் உயர்ந்தால் வெளிச்சமும் உயரும் என்ற எண்ணம் ஜனங்களிடையே பரவியிருக்கிறது. இது முற்றிலும் தவறு. நீலம் மிகுந்த ஒளி அதே செறிவுள்ள மஞ்சள் ஒளியைக் காட்டிலும் எதிரே வருபவரின் கண்ணை அதிகமாக உறுத்தும். அதுதான் அதன் தனிச் சிறப்பு.

மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைக்கும் என்பதும் ஒரு பழைய நம்பிக்கை. பிரான்ஸ் தேசத்தில் 1930-களில் சட்டமியற்றி, 1993 வரையில் எல்லா மோட்டார்களுக்கும் மஞ்சள் முகப்பு விளக்கையே கட்டாயமாக்கி வைத்திருந்தார்கள். ஆனால் பனித் துளிகள் ஒளியலைகளைவிட மிகப் பெரியவை. எந்த நிற ஒளியையும் அவை ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் சிதறடிக்கும். மஞ்சள் ஒளி கண்ணுக்கு இதமாயிருக்கிறது என்பது வரையில்தான் உண்மை. மூடுபனியில் பயன் தருவது நிறமல்ல, வடிவம். பனி விளக்கின் ஒளி அகலமாக விரிந்து, தாழ்வாகச் சென்று, மேலே கத்தியால் வெட்டியதுபோல் முடிய வேண்டும். அப்போதுதான் பனிப்படலத்தில் பட்ட ஒளி ஓட்டுகிறவன் கண்ணுக்கே திரும்பி வராமல், சாலையின் ஓரமும் கோடும் தெரியும். பனியில் உயர் ஒளியைப் போடுகிறவன் தன் முன்னே தானே ஒரு வெள்ளைச் சுவரை எழுப்பிக்கொள்கிறான்.

ஆகவே துணை விளக்குகள் எல்லாம் ஒரே ஜாதியல்ல. நெடுந்தூர விளக்கு ஒன்று: குறுகிய ஒளிக்கற்றையை வெகுதூரம் பாய்ச்சுவது. முகப்பு விளக்கின் உயர் ஒளியோடு சேர்ந்து எரிந்து, டிம் செய்தவுடன் தானும் அணைய வேண்டியது அது. பனி விளக்கு மற்றொன்று: பம்பரின் கீழே தாழ்வாக இருக்க வேண்டியது. திருப்ப விளக்கு இன்னொன்று: வண்டி திரும்பும் பக்கத்தை மட்டும் காட்டுவது. இவற்றைத் தவிர, நாலாபுறமும் ஒளியை வாரி இறைக்கும் வேலைத்தல விளக்கு ஒன்றுண்டு. அது கதிரறுக்கும் யந்திரத்துக்கும், கல் குவாரிக்கும், நின்ற இடத்தில் வேலை செய்வதற்கும் ஏற்பட்டது. நமது சாலைகளில் கூரைமேலும் பம்பர்மேலும் மாட்டித் திரியும் மலிவான எல்.இ.டி. பட்டைகளிற் பல இந்தக் கடைசி இனத்தைச் சேர்ந்தவை. வயலில் இருக்க வேண்டியதை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

இது நிற்க. பழைய ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு, அதே கிண்ணத்தில் மலிவான எல்.இ.டி. பல்பைச் செருகும் வழக்கம் இன்னும் மோசமானது. 1971-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய எச்-4 பல்பினுள் இரண்டு இழைகள் உண்டு. தாழ் ஒளிக்கான இழையின் கீழே சிறு தகடு ஒன்று கேடயம்போல் அமைந்து, மேல் நோக்கிச் செல்லும் ஒளியைத் தடுத்து நிறுத்துகிறது. பிரதிபலிப்பானின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் எண்ணி வார்க்கப்பட்டது. அவ்விடத்தில் அளவும் இருப்பும் வேறான ஒளிச்சில்லை வைத்தால், ஒழுங்காக இருந்த ஒளிக்கற்றை குலைந்து கண்ட இடத்தில் சிதறுகிறது. ஓட்டுகிறவனுக்கு வண்டியின் மூக்கருகே பளிச்சென்று தெரிகிறது. பணம் வீண்போகவில்லையென்று மகிழ்கிறான். தூரத்துச் சாலை முன்னைவிட இருண்டுபோனதையோ, எதிரே வருபவன் கண்ணை மூடிக்கொண்டதையோ அவன் அறிவதில்லை.

மற்றொரு அபாயமும் உண்டு. நாம் சாலையின் இடப்புறம் செல்கிறவர்கள். அதனால் நமது தாழ் ஒளி இடது ஓரத்தில் சற்று மேலெழும்பி, வலப்புறத்தில் தாழ்ந்திருக்க வேண்டும். வலப்புறம் செல்லும் தேசங்களுக்காகச் செய்த விளக்கு இதற்கு நேர்மாறானது. அதை இங்கே மாட்டினால் எழும்பும் ஒளி நேரே எதிராளியின் கண்ணுக்குப் போகும். ஐரோப்பிய விதிப்படி செய்த விளக்குகளில் இதைக் கண்டுகொள்ள ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். வண்டிக்கு முன்னால் நின்று விளக்கைப் பார்த்தால், கண்ணாடியின்மேல் பார்ப்பவரின் வலப்புறம் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது இடப்புறம் செல்லும் நம்மைப் போன்ற தேசத்துக்குரியது. இருபுறமும் காட்டினால் இரண்டுக்கும் மாற்றியமைக்கலாம். அம்பே இல்லையென்றால் வலப்புறத் தேசத்துக்குரியது. ஒரு வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், அவ்விளக்கை ஒரு தேசத்தின் அதிகாரிகள் பரிசோதித்து ஒப்புக்கொண்டார்கள் என்று பொருள். அந்த எண் எந்தத் தேசம் என்பதைக் குறிக்கும். ஐ.பி. 67 என்ற குறி தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் பழுதாகாது என்பதைத்தான் சொல்லும். ஒளியின் ஒழுங்கைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஐ.பி. குறியைக் காட்டிச் சாலைக்கு ஏற்ற விளக்கு என்று விற்பது, குடை நனையாது என்று காட்டி அது விசிறிக்கும் உதவும் என்பது போன்றது.

மின்சார இணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நூறு வாட் பல்பு இரண்டு 12 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறக்குறைய 17 ஆம்பியர் இழுக்கும். வண்டியோடு வந்த ஸ்விட்சும் மெல்லிய கம்பியும் அதைத் தாங்கா, சூடேறும், உறை உருகும், தீப்பற்றவும் கூடும். பாட்டரியிலிருந்து தனிக் கம்பி, அதில் தக்க பியூஸ், நடுவே ஒரு ரிலே ஆகிய மூன்றுமின்றித் துணை விளக்கை மாட்டுவது வண்டிக்குள் தீக்குச்சியை வைத்துக்கொள்வதற்குச் சமம். கம்பி மெலிந்து மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஹாலோஜன் பல்பின் ஒளி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். வெளிச்சம் போதவில்லையென்று புது விளக்குத் தேடுகிறவர்கள், உள்ள விளக்கின் கம்பியையும் புழுதி படிந்த கண்ணாடியையும் முதலில் கவனித்தால் பாதிச் செலவு மிச்சமாகும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில், விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் விலகி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் எவருக்கும் கூசாதபடி ஒளி எப்போதும் கீழ்நோக்கியே இருக்க வேண்டுமென்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பதிவு அதிகாரியின் முன் அனுமதியின்றி முன்புறத்தில் தேடு விளக்குப் பொருத்தக் கூடாதென்றும் அவ்விதிகள் தடுக்கின்றன. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமோ, அனுமதியின்றி வண்டியில் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாமென்கிறது. ஏட்டில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் ஏடு சாலையில் நிற்பதில்லை. விளக்கை விற்ற கடை பகிரங்கமாகத் திறந்திருக்கிறது. வாங்கி மாட்டிய ஏழை டிரைவரிடம் மட்டும் அபராதம் கேட்கப்படுகிறது. இது என்ன நியாயம்? பொருத்துவது குற்றமென்றால், சாலையில் பொருத்துவதற்கென்றே விளம்பரம் செய்து விற்பது எப்படிக் குற்றமாகாமல் போகும்? மேலும், பகலில் சோதனை செய்யும் அதிகாரி தம் ஊகத்தைத் தவிர வேறு எதைக் கொண்டு ஒளியை அளப்பார்? விதியில் 8 மீட்டர் என்றும் ஒன்றரை மீட்டர் என்றும் குறித்திருப்பது அளந்து பார்ப்பதற்காகத்தான். லக்ஸ் அளக்கும் சிறு கருவி அரிய பொருளல்ல. தகுதிச் சான்றுக்காக வண்டிகள் வந்து நிற்கும் ஒவ்வோரிடத்திலும் ஒளிக்கற்றையின் உயரத்தை அளந்து பார்த்த பிறகே சான்று தர வேண்டும்.

"எதிரே வருகிறவன் போடுகிறான், நான் போடாவிட்டால் எனக்குத் தெரியாதே" என்று வண்டியோட்டிகள் சொல்வதை நாம் அறிவோம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் இது எங்கே போய் முடியும்? அவன் இரண்டு போட்டால் இவன் நான்கு. இவன் நான்கு போட்டால் அவன் எட்டு. கடைசியில் இருவரும் குருடர்களாகி ஒருவர் மேல் ஒருவர் மோதுவதே மிச்சம். ஆதியில் மோட்டார்களில் கார்பைடு வாயு விளக்கு எரிந்தது. 1912-இல் காடிலாக் வண்டியில் மின்விளக்கு வண்டியோடு சேர்ந்தே வந்தது. 1962-இல் ஹாலோஜன், 1991-இல் செனான், 2007-இல் எல்.இ.டி. முகப்பு விளக்கு என ஒன்றையொன்று விஞ்சி வந்திருக்கின்றன. விளக்கு இத்தனை முறை மாறியும் மனிதனின் கண் மாறவில்லை. வயது ஏற ஏறக் கூசிய கண் தெளிவதற்கு அதிக நேரம் பிடிக்கும். கண்புரை படர்ந்த முதியவருக்கோ எதிரொளி முழுத் திரையாகவே ஆகிவிடும்.

வெளிச்சத்தைக் கூட்டினால் வேகத்தைக் கூட்டலாம் என்பதும் மயக்கமே. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஆபத்தைக் கண்டு, காலை பிரேக்கில் வைத்து, நல்ல உலர்ந்த சாலையில் வண்டி நிற்பதற்குள் 70 மீட்டர் தூரம் ஓடிவிடும். தாழ் ஒளியில் தெளிவாகத் தெரியும் தூரம் பெரும்பாலும் அதற்கும் குறைவு. எதிரே வண்டி வரும்போது செய்ய வேண்டியது விளக்கைக் கூட்டுவதல்ல, வேகத்தைக் குறைப்பது.

சர்க்காரை நாம் கேட்பது இது. துணை விளக்கு விற்கும் ஒவ்வொரு பெட்டியின்மேலும், அது நெடுந்தூர விளக்கா, பனி விளக்கா, சாலையில் எரிக்கத் தகாத வேலைத்தல விளக்கா என்பதை நமது ஜனங்கள் படிக்கும் பாஷையில் அச்சிடச் செய்ய வேண்டும். காண்டெலாவும், எத்தனை மீட்டரில் எத்தனை லக்ஸ் என்பதும் அதில் இருக்க வேண்டும். அங்கீகாரமில்லாத விளக்கைச் சாலை உபயோகத்துக்கென்று விற்பவரைத் தண்டிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் கேட்டு வருபவரிடம் எப்போது டிம் செய்வாய், எதற்காகச் செய்வாய் என்று கேட்டறிய வேண்டும். இருண்ட சாலைகளில் வெள்ளைக் கோடும், ஒளி பட்டால் மின்னும் பிரதிபலிப்பான்களும் அமைத்தால் மிகை விளக்கின் தேவையே பாதி குறையும்.

பொதுஜனங்கள் சர்க்காருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே வண்டியைச் சமதளத்தில், ஒரு சுவருக்குப் பத்து மீட்டர் முன்னால் நிறுத்திப் பாருங்கள். விளக்கின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். தாழ் ஒளியின் மேல்விளிம்பு அக்கோட்டுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். மேலே போனால் மெக்கானிக்கிடம் சென்று திருத்திக்கொள்ளுங்கள். பல கார்களில் ஸ்டியரிங்கின் பக்கத்தில் பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்ட சிறு சக்கரம் ஒன்றுண்டு. பின்னால் பாரம் ஏறி வண்டியின் முகம் நிமிரும்போது விளக்கைத் தாழ்த்துவதற்காக ஏற்பட்டது அது. அதைத் தொட்டே பாராத சொந்தக்காரர்கள் எத்தனையோ பேர்!

சாலை ஒருவருடைய சொத்தன்று. காரில் போகிறவருக்கு அதில் எவ்வளவு பாத்தியதை உண்டோ, அவ்வளவு பாத்தியதை அதன் ஓரத்தில் வெறுங்காலோடு நடந்து போகிறவருக்கும் உண்டு. தன் வழியைக் காண்பதற்காகப் பிறர் வழியை மறைக்க எவருக்கும் உரிமையில்லை. எதிரே ஒளி கண்டதும் கைவிரலால் ஒரு தட்டுத் தட்டி விளக்கைத் தாழ்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை. அந்த ஒரு தட்டினால் முகமறியாத ஒருவர் அன்றிரவு பத்திரமாக வீடு போய்ச் சேரலாம். நமது வண்டியோட்டிகள் இம்மரியாதையைத் தம் வழக்கமாக்கிக்கொள்வார்களென்றும், சர்க்காரும் தம் கடமையை இனியும் ஒத்திப்போடாமல் செய்வார்களென்றும் எதிர்பார்க்கிறோம்.